வடியாத மின்சாரம்

வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தே குடும்பத்தைக் காத்தவர் என் தாத்தா. சென்ற கோடை விடுமுறையில், என் கிதாருக்காக ஒரு சிறிய வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்ய இருவரும் உட்கார்ந்தோம். 1950களில் அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனம் செய்த ‘சாம்ப்’ என்பதே எங்கள் மாதிரி. அதில் மூன்றே வால்வுகள்: மின்சாரத்தை ஒருதிசைப்படுத்த 5ஒய்3, கிதாரின் மெல்லிய ஒலியைப் பெருக்க 12ஏஎக்ஸ்7, ஒலிபெருக்கியை இயக்க 6வி6. திறன் ஏறக்குறைய 5 வாட்தான்.

பத்தாம் நாள் அது பாடிற்று! எனக்கோ இன்னும் முரட்டு ஒலி வேண்டியிருந்தது. ஒலிபெருக்கிக்குச் செல்வதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி, ஒலியை அடக்கிச் சீராக்கும் 22,000 ஓம் மின்தடை ஒன்று அதில் உண்டு. அதைக் கழற்ற முனைந்தேன்.

“கண்டென்ஸரை வடித்துவிட்டாயா, கண்ணு?” என்றார் தாத்தா.

“ஆமாம் தாத்தா” என்றேன். பொய்! பிளக்கைப் பிடுங்கியதே போதும் என்றிருந்தேன்.

அவர் பேசாமல் மீட்டரை வைத்தார். முள் 300 வோல்ட்டைத் தாண்டி நின்றது. சற்று முன் 5ஒய்3ஐ மட்டும் செருகிச் சோதித்திருந்தேன். மற்ற வால்வுகள் இல்லாததால், தேங்கிய மின்சாரம் வடிய வழியில்லை. என் விரல் அதனருகேதான் இருந்தது.

தாத்தா திட்டவில்லை. ஒரு மின்தடை வழியாக அதை மெல்ல வடித்தார். “தெரியாது என்று சொல், மறந்தேன் என்று சொல். செய்யாததைச் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே அம்மா” என்றார். அவர் கை நடுங்கியது.

அந்த வாரப் பாவசங்கீர்த்தனத்தில் நான் முதலில் சொன்னது இதைத்தான். அன்புத் தோழியரே, விரும்பிய முரட்டு ஒலி பிறகு கிடைத்தது. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது தாத்தாவின் நடுங்கிய கைதான்.