எதற்குப் போதும்?

அமெரிக்கா வந்த நம்மவர்களின் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விசா, அடுத்து கிரீன் கார்டு, அதன்பின் எந்தப் பள்ளி வட்டாரத்தில் வீடு பார்ப்பது என்பது. டெக்சாஸில் அந்த வரிசையின் கடைசியில் இன்னொன்றும் ஒட்டிக்கொள்கிறது: துப்பாக்கி வாங்கலாமா, வாங்கினால் எது? ஹூஸ்டன் புறநகரில் கொலு வைத்த வீடுகளில், கையில் சுண்டல் தொன்னையோடு ஆண்களும் பெண்களும் இதைப் பேசக் கேட்டிருக்கிறேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஓரிடத்தில் வந்து நிற்கும். பைக்குள் அடங்கும் சின்னத் துப்பாக்கி போதுமா?

இந்த வரிசைக்குச் சட்டமும் ஒரு காரணம். எச்-1பி விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது நாடு முழுமைக்குமான சட்டம். கிரீன் கார்டு வந்துவிட்டால் கடைக்குப் போய் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் வாங்கிவிடலாம். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில், 21 வயது நிரம்பி, சட்டம் விலக்கி வைக்காத எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடலில் வைத்துக்கொண்டு வெளியே நடமாடலாம். நேற்றுவரை தொடக் கூடாததாக இருந்த பொருள், ஓர் அட்டை வந்ததும் மளிகைப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

நான் திருச்சிக்காரி. 1966 முதல் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்யும் அரசுத் தொழிற்சாலை இருக்கும் ஊர் அது. ஆனால் எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் துப்பாக்கி இருந்ததில்லை. வங்கி வாசலில் காவலாளி மடியில் கிடக்கும் இரட்டைக் குழலோடு எங்கள் அறிமுகம் முடிந்தது. இந்தியாவில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி சாதாரணக் குடிமக்களுக்குக் கிடையாது. உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் அதைவிடச் சிறிய .32 அளவோடு (அங்குலக் கணக்கில் குழல் விட்டம்) நின்றுவிடுகிறார்கள். 2012 டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, பெண்களின் தற்காப்புக்கு என்று கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் வெளியிட்ட ‘நிர்பீக்’ ரிவால்வரும் .32தான். எடை அரைக் கிலோ, அப்போதைய விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். அங்கே அரசு பெண்களுக்குப் போதும் என்று நீட்டிய அளவை, இங்கே துப்பாக்கிக் கடைக்காரர்கள் பாட்டிகளின் அளவு என்பார்கள்.

டெக்சாஸும் ஒருகாலத்தில் அளவில் தலையிட்டது. உரிமத் தேர்வைக் குறைந்தது .32 அளவுள்ள துப்பாக்கியால்தான் எழுத வேண்டும் என்ற விதி 2017 செப்டம்பரில்தான் நீங்கியது. உரிமம் இப்போது கட்டாயமில்லை என்றாலும் விரும்பிப் பெறுபவர்கள் உண்டு. தேர்வில் 3, 7, 15 கஜத் தொலைவுகளில் காகித மனிதனை நோக்கி 50 தோட்டாக்கள் சுட வேண்டும். 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி.

என் நண்பர் ஒருவர் அப்படி உரிமம் பெற்றவர். மதுரைக்காரர், நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டிய கடையும் நடத்துகிறார். நடுராத்திரி கடையடைத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் காருக்கு நடக்கிற ஆள். கொலு வீட்டுப் பேச்சாளர்களைப் போலில்லாமல் அவருக்கு நிஜமான தேவை இருந்தது. அவர் வாங்கியது .380 அளவில், வெறும் எடை 270 கிராம்கூட இல்லாத, கால்சட்டைப் பைக்குள் போகிற ஒன்று. ஹூஸ்டன் கோடையில் மேல்கோட்டு போட முடியாது. பெரிய துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைக்க முடியாது. சின்னத் துப்பாக்கியை மனிதர்கள் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலையை உடையும் வெயிலும் செய்துவிடுகின்றன.

“அக்கா, ரேஞ்சுல இதைப் பார்த்தா சிரிக்கிறாய்ங்க. போதுமா போதாதான்னு நீங்களாவது படிச்சுச் சொல்லுங்க” என்றார். அவரோடு சுடுகளத்துக்குப் போனேன்; படிக்கவும் செய்தேன்.

.22 தோட்டா 1887இலிருந்து இருக்கிறது. .25, .32, .380 மூன்றும் ஜான் பிரவுனிங் என்ற ஒரே மனிதரின் வடிவமைப்புகள்; .380 வந்தது 1908இல். அதன் குண்டும் 9 மி.மீ. குண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். பின்னால் உள்ள மருந்துக் குப்பிதான் குட்டை. குட்டைக் குழலிலிருந்து புறப்படும் .22 குண்டின் ஆற்றல் சுமார் 130 ஜூல், .380க்கு 270 அளவில், 9 மி.மீ.க்கு அதைப்போல் ஒன்றே முக்கால் பங்கு. சின்னத் துப்பாக்கி கைக்கு மென்மையாக இருக்கும் என்று நினைத்துப் போனவள் நான். மொபெட்டில் போகிறவருக்குச் சாலைக் குழிகள் அதிகம் தெரிவதுபோல, எடை குறையக் குறைய உதை கூடுகிறது. குறி பார்க்கும் முனைகள் பொட்டளவுதான். .22க்கு உதை குறைவு. ஆனால் விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை என்பதால், விசையை இழுத்தும் வெடிக்காமல் போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம்.

அளவு பற்றிய இந்த நாட்டின் விவாதம் பெருமளவு ஒரே நாளில் பிறந்தது. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு கொள்ளையர்களை மடக்கினார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே ஒருவன் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மி.மீ. குண்டு, இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்பாக நின்றுவிட்டது. சாகவேண்டிய காயம்தான். ஆனால் அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். ஏஜெண்டுகள் இருவர் இறந்தனர், ஐவர் காயமடைந்தனர். அதன்பின் எஃப்.பி.ஐ. ஓர் அளவுகோல் வைத்தது: குண்டு, சதைக்கு மாற்றாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும். .380 தடுமாறுவது இங்கேதான். முனை குழிந்த குண்டு உள்ளே விரிந்தால் பெரும்பாலும் 12 அங்குலத்தை எட்டுவதில்லை. விரியாவிட்டால் ஒல்லியான துளையோடு ஆழமாகப் போய்விடுகிறது.

அதே எஃப்.பி.ஐ.யின் 1989 அறிக்கை இன்னொன்றும் சொன்னது. இதயமே சிதைந்தாலும், மூளையில் எஞ்சும் உயிர்வளியைக் கொண்டு ஒருவர் 10, 15 விநாடிகள் நினைத்ததைச் செய்ய முடியும். குண்டு பட்டதும் ஆள் பறந்துபோய் விழுவதெல்லாம் சினிமா. இதை நாம் நம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா கிட்டத்தில் நின்று எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவருமே பிழைத்தார்கள். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருந்த படம் தேர்தல் சுவரொட்டியானது.

மறுபக்கமும் இருக்கிறது. ராபர்ட் கென்னடியை 1968இல் கொன்றது .22. காந்தியைக் கொன்ற பெரெட்டா, என் நண்பரின் பையில் இருக்கும் அதே .380 அளவு. 1981இல் ரீகன்மீது பாய்ந்ததும் .22தான், காரில் பட்டுத் தெறித்த குண்டு மார்புக்குள் போயிருந்தும் அவர் மருத்துவமனைக்குள் தன் காலால் நடந்து போனார். கொல்வது ஒன்று, அந்தக் கணத்தில் தடுத்து நிறுத்துவது வேறொன்று. தற்காப்புக்கு வேண்டியது இரண்டாவது.

அதற்கு ஓரளவு கணக்கு உண்டு. ஓஹாயோவைச் சேர்ந்த போலீஸ் பயிற்சியாளர் கிரெக் எலிஃப்ரிட்ஸ், ஏறத்தாழ 1,800 துப்பாக்கிச் சூடுகளின் விவரங்களைத் திரட்டி 2011இல் வெளியிட்டார். எத்தனை குண்டு பட்டும் அடங்காதவர்கள் 9 மி.மீ.யில் 13 விழுக்காடு, .380இல் 16, .22இல் 31, .25இல் 35. தனியொருவர் திரட்டிய கணக்கு என்பதால் தசமப் புள்ளிவரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் கோடு எங்கே விழுகிறது என்பது தெரிகிறது. .380 தன் பெரிய அண்ணனை ஒட்டியே நிற்கிறது; .22உம் .25உம் மூன்றில் ஒரு முறை கைவிடுகின்றன. பாஸ்டன் நகரக் குற்றங்களை ஆராய்ந்து 2018இல் வந்த பிராகா, குக் இருவரின் ஆய்வு மரணத்தை அளந்தது. சின்ன அளவோடு ஒப்பிட்டால், நடுத்தர அளவுக் குண்டு பட்டவர் சாகும் வாய்ப்பு விகிதம் இரண்டு மடங்குக்கு மேல். பெரிய அளவுக்கு நாலரை மடங்கு.

ஆக, நண்பருக்குப் பதில் சொல்ல முடிந்தது. குண்டு பட வேண்டிய இடத்தில் பட்டால் .380 பெரும்பாலும் போதும். 2018க்குப் பிறகு, சின்ன உடலில் பத்து 9 மி.மீ. தோட்டா அடங்கும் துப்பாக்கிகள் வந்துவிட்டன. எடை கொஞ்சம் தாங்கினால் அது மேல். .22ஐ, அதற்குமேல் கை தாங்காதவர்களுக்கு விட்டுவிடலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கல்லாவில் பணம் சேரவிடாமல் அவ்வப்போது பெட்டகத்தில் போடுவது, கண்ணாடித் தடுப்பு, கேட்டால் கொடுத்துவிடும் புத்தி. கடைசியாகச் சொன்னதற்கு அவர் தலையாட்டவில்லை. “உழைச்ச காசுக்கா” என்றார்.

கொலு வீட்டில் கேட்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் கடையடைத்துப் பணத்தோடு நடப்பவர்கள் அல்லர். அவர்களின் பயம் வேறு வகை. 2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலம் ஒலாத்தேயில், மதுக்கூடத்தில் அமர்ந்திருந்த இந்தியப் பொறியாளர் ஒருவரை, அவர் நிறத்தை வைத்து வெறுத்த ஒருவன் சுட்டுக் கொன்றான். எங்கள் வட்டத்தில் துப்பாக்கிப் பேச்சு குரல் உயர்ந்தது அதன்பிறகுதான். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்கும் அது உண்டு. ஆனால் புலம்பெயர்ந்தவர் துப்பாக்கியின் எந்த முனையில் நிற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 1992 அக்டோபரில் லூசியானாவின் பாட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்கு முகவரி தவறிப்போய் வேறொரு வீட்டு மணியை அடித்து, சுட்டுக் கொல்லப்பட்ட ஜப்பானிய மாணவர் யோஷிஹிரோ ஹட்டோரிக்கு 16 வயது. வீட்டுக்காரர் கையில் இருந்தது .44 மேக்னம், போதுமா என்ற கேள்விக்கே இடமில்லாத அளவு. குற்ற வழக்கில் அவர் விடுதலையானார். கதவைத் திறந்தவரின் பயம் எந்த அளவுக் குழலிலும் ஒன்றுதான். அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும் சாயல் நம் பிள்ளைகளுடையது.

வீட்டுக்குள் நடப்பது இன்னும் கசப்பானது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கு மேல். அந்தத் தொலைவில் 12 அங்குலமும் வேண்டாம், முனை விரியவும் வேண்டாம். பாயும் எதிரியை நிறுத்த மூன்றில் ஒரு முறை தவறும் .22, தன்னையே குறிவைக்கும் மனிதரிடம் அப்படித் தவறுவதில்லை. போதுமா என்று நாம் கேட்கும்போது எதிரியின் மார்பை மட்டுமே மனத்தில் வைத்துக் கேட்கிறோம்; துப்பாக்கியோ அருகில் இருப்பவர் யார் என்று பார்ப்பதில்லை.

எனவே இப்போது யார் கேட்டாலும் அளவைச் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் கேட்கிறேன். யாரிடமிருந்து காத்துக்கொள்ள? ராத்திரி அது எங்கே, எந்தப் பூட்டுக்குள் இருக்கும்? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? என் கடைக்கார நண்பரிடம் மூன்றுக்கும் பதில் இருந்தது. முதல் கேள்விக்குத் தோளைக் குலுக்கி, இரண்டாவதற்குக் கட்டில் பக்கத்து மேசையைக் காட்டி, மூன்றாவதற்குப் பையன் ஒன்பதாவது படிக்கிறான் என்று சொல்பவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே பதில்தான்: அந்த வீட்டுக்கு .22 கூட அதிகம்.