மோதிரம் வாங்கப் போகும் முன்...



நமது வீடுகளில் ஒரு பெண் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசி முடிந்ததும் அடுத்து எழும் கேள்வி மோதிரம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து மணமகளின் விரலில் போட்டுவிட்டுப் போகும் அந்தச் சின்னப் பொருளைச் சுற்றி எத்தனை பேச்சு! முன்பெல்லாம் அரைப் பவுணில் ஒரு தங்க மோதிரம் போதுமாக இருந்தது. அதில் நீலக் கல்லோ சிவப்புக் கல்லோ பதித்திருந்தால் அது பெரிய விஷயம். இப்போது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி ஹாலோ மோதிரம்தான் வேணும்" என்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் நமக்கோ ஹாலோ என்றால் என்னவென்றே விளங்குவதில்லை.

விளங்காமல் கடைக்குப் போவதில்தான் சிக்கல் ஆரம்பமாகிறது. சென்ற வருடம் என் நானாவின் மகளுக்கு மோதிரம் எடுக்கும்போது நானும் கூடப் போயிருந்தேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் உங்களோடு பகிர்ந்து கொள்வது பிரயோசனமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஹாலோ என்றால் என்ன?

நடுவில் ஒரு வைரம். அதைச் சுற்றி, பூவின் இதழ்கள் போல, மிகச் சிறிய வைரங்கள் வரிசையாக நிற்கும். சில இரவுகளில் சந்திரனைச் சுற்றி ஒரு வெளிச்ச வட்டம் தெரியுமல்லவா? அதற்குத்தான் ஆங்கிலத்தில் ஹாலோ என்று பெயர். அந்தப் பெயரையே மோதிரத்துக்கும் வைத்துவிட்டார்கள்.

இது நேற்று வந்த நாகரிகம் அல்ல. விக்டோரியா மகாராணி காலத்திலேயே இப்படிக் கற்களைக் கூட்டமாகப் பதித்த மோதிரங்கள் இருந்தன. 1981இல் இளவரசி டயானாவின் விரலில் ஏறிய மோதிரமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நடுவில் 12 கரட் நீலக் கல், சுற்றிவர 14 வைரங்கள். அந்த நீலக் கல் நம் இலங்கை மண்ணில் பிறந்தது என்றே சொல்லப்படுகிறது. 2010இல் அதே மோதிரத்தைத்தான் அவருடைய மகன் வில்லியம், கேத்தரினுக்குப் போட்டார். அதன் பிறகு உலகம் முழுவதும் இந்த அமைப்புக்கு இன்னும் மவுசு கூடிவிட்டது.

இரண்டு கரட், இரண்டு அர்த்தம்

கடைக்குள் நுழைந்ததும் நம்மைக் குழப்புவது 'கரட்' என்ற சொல். தங்கத்துக்குக் கரட் என்றால் அதன் தூய்மை. 22 கரட் தங்கத்தில் 916 என்றும், 18 கரட்டில் 750 என்றும் முத்திரை இருக்கும். கல்லுக்குக் கரட் என்றால் அதன் நிறை. ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. வைர மோதிரங்களைப் பெரும்பாலும் 18 கரட் தங்கத்தில்தான் செய்கிறார்கள். 22 கரட் மென்மையானது, சின்னக் கற்களை இறுக்கிப் பிடித்து வைக்க அதற்குப் பலம் போதாது. ஆகவே, "22 கரட்டில் செய்து தரவில்லையே, ஏமாற்றிவிட்டார்களே" என்று யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை.

நாங்கள் முதலில் ஏறிய கடையில் அழகான ஒரு மோதிரத்தை எடுத்து வைத்து, "இது ஒரு கரட் மோதிரம்" என்றார் விற்பனையாளர். மாப்பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. விலையோ ஒற்றைக் கல்லாக ஒரு கரட் வைரம் வாங்கும் விலைக்குக் கிட்ட நின்றது. எங்கள் வீட்டில் பல வருடங்களாகக் கல் வியாபாரம். "மோதிரத்துக்கு நிறை கேட்காத, கல்லுக்குக் கேள்" என்று என் கணவர் அடிக்கடி சொல்லுவார். அது நினைவுக்கு வர, "நடுக்கல் மட்டும் எத்தனை கரட்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு அறுபது சென்ட் என்றார். அதாவது 0.60 கரட். மீதி நாற்பது சென்ட், சுற்றியும் வளையத்திலும் இருந்த பொடிக் கற்களின் நிறை!

சகோதரிகளே, இதைக் கவனியுங்கள். வைரத்தின் விலை நிறையோடு சேர்ந்து நேராக ஏறுவதில்லை. தாவித் தாவி ஏறுகிறது. ஒரு கரட் கல் ஒன்றின் விலைக்கு அதே தரத்தில் இரண்டு அரைக் கரட் கற்கள் வாங்கினாலும் கையில் காசு மிஞ்சும். பொடிக் கற்கள் அதைவிட எவ்வளவோ மலிவு. எனவே 'மொத்த நிறை ஒரு கரட்' என்பதும் 'ஒரு கரட் வைரம்' என்பதும் ஒன்றல்ல. நடுக்கல்லின் நிறை வேறாகவும், சுற்றுக் கற்களின் எண்ணிக்கையும் நிறையும் வேறாகவும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையிலிருந்து ஸலாம் சொல்லி எழும்பி வந்துவிடுங்கள்.

பெரிதாகக் காட்டுவது பொய்யா?

இதற்கிடையில் வேறொரு செய்தி எங்கள் காதுக்கு வந்தது. மாப்பிள்ளையின் நானா தன் மனைவிக்கு ஒரு கரட் வைரம் போட்டவராம். அதற்குக் குறையாமல் போட வேண்டும் என்று இவர் தன் உம்மாவின் மாலையை ஈடு வைக்க நினைத்திருக்கிறார். 2022 பொருளாதார நெருக்கடியில் சம்பளங்கள் தேய்ந்து போன கதை நம் எல்லோருக்கும் தெரியும். அவரும் மாதச் சம்பளக்காரர்தான்.

இதைக் கேட்ட அன்று இரவே மருமகள் என்னிடம் வந்தாள். "மாமி, அவங்கட உம்மாட மாலைய ஈடு வெச்சு எனக்கு மோதிரம் வேணாம். ஒரு நாளும் அத சந்தோஷமாப் போட ஏலாது. அரைக் கரட் எடுத்து ஹாலோ வெச்சா எனக்குப் போதும்" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன. அழகுக்காக ஆசைப்பட்ட பிள்ளைதான். ஆனால் கணக்கும் தெரிந்திருந்தது.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அரைக் கரட் வட்ட வைரத்தின் அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். ஒரு கரட் கல் ஏறத்தாழ 6.5 மில்லிமீற்றர். அரைக் கரட்டைச் சுற்றி ஒரு சென்ட் அளவான 16 பொடிக் கற்களை வைத்தால் முகப்பு 8 மில்லிமீற்றர் வரை விரிந்துவிடும். தூர நின்று பார்ப்பவருக்கு ஒரு கரட்டை விடப் பெரிதாகவே தெரியும். செலவோ அதற்கு வெகு கீழே.

என் உம்மாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "சின்னக் கல்லப் பெரிசாக் காட்டுறது பொய்தானே மகள்?" என்று கேட்டார்கள். பேத்தி சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இது: "யாராவது கேட்டா ஒரு கரட்டுன்னு சொன்னாத்தான் பொய் வாப்பும்மா. அரைக் கரட்டுன்னே சொல்லிட்டா அது வெறும் அழகுதானே?"

அப்படியே செய்தாள். மோதிரம் போட்ட அன்று மாப்பிள்ளையின் மதினி கையைப் பிடித்துப் பார்த்து, "எத்தின கரட்?" என்று கேட்டார். "நடுக்கல் அரைக் கரட், சுத்திவரப் பதினாறு சின்னக் கல்" என்றாள் ஒரு தயக்கமும் இல்லாமல். அதற்கு மேல் கேட்க யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. மாப்பிள்ளையின் உம்மாவின் கழுத்தில் மாலையும் இருந்தது.

கேட்க வேண்டிய சில கேள்விகள்

நிறத்தைப் பாருங்கள். நடுக்கல் இலேசான மஞ்சள் சாயலோடும் சுற்றுக் கற்கள் வெள்ளை வெளேரென்றும் இருந்தால் நடுக்கல்லின் மஞ்சள் எடுத்துக் காட்டும். இரண்டும் ஒத்துப் போக வேண்டும். கடை விளக்கின் கீழ் எந்தக் கல்லும் மின்னும். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தும் பாருங்கள்.

வைரம் மண்ணில் விளைந்ததா, ஆய்வுகூடத்தில் செய்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆய்வுகூட வைரமும் வைரம்தான். வெறும் கண்ணால் வேறுபாடு தெரியாது. ஆனால் விலை மிகவும் குறைவு. அண்மை வருடங்களில் இன்னும் இறங்கியிருக்கிறது. திரும்ப விற்கப் போனால் கைக்குக் கிடைப்பது அற்பம். தெரிந்து வாங்கினால் நல்லது, தெரியாமல் மண் வைரத்தின் விலை கொடுத்தால் நஷ்டம்.

மலிவான மாற்றுக் கற்களும் உண்டு. மொய்சனைட் என்ற கல்லைச் சில சோதனைக் கருவிகளே வைரம் என்று காட்டிவிடும். ஆகவே சான்றிதழ் கேளுங்கள். சந்தேகம் என்றால் கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது.

நடுவில் வைரம்தான் வேண்டும் என்று யார் சொன்னது? வைரம் நம் நாட்டில் அகழப்படுவதில்லை. பெரும்பாலானவை இந்தியாவின் சூரத்தில் பட்டை தீட்டப்பட்டு வருகின்றன. இரத்தினபுரியில் எடுத்து, பேருவளைச் சீனன்கோட்டையில் கைமாறும் நீலக் கல்லை நடுவில் வைத்து, சுற்றிலும் வைரம் பதித்தால் அதன் அழகே தனி. அப்போது கல் சூடு காட்டியதா இல்லையா என்று கேட்க மறக்க வேண்டாம். சூடு காட்டுவது பழக்கமான முறைதான், ஆனால் சூடு காட்டாத நல்ல கல்லுக்கு விலை அதிகம்.

போட்ட பிறகு

ஹாலோ மோதிரத்துக்குக் கொஞ்சம் பராமரிப்பு வேண்டும். பொடிக் கற்களைப் பிடித்திருக்கும் நகங்கள் மிக நுண்மையானவை. முக்காட்டுத் துணியிலோ சாரி முந்தானையிலோ மாட்டி இழுபட்டால் வளைந்துவிடும், கல் விழுந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவையாவது கடையில் காட்டி இறுக்கிக் கொள்ளுங்கள். வளையம் முழுக்கக் கல் பதித்த மோதிரத்தைப் பின்னால் பெருப்பிப்பதும் சிறுப்பிப்பதும் கஷ்டம். பிள்ளை பெற்ற பின் விரல் தடிப்பது சகஜம். அதனால் கீழ்ப்பாதி வெறும் தங்கமாக இருப்பதே புத்தி.

ரொட்டிக்கு மாப் பிசையும்போதும் தேங்காய் துருவும்போதும் கழற்றி வையுங்கள். கற்களுக்கு அடியில் மா அடைந்துவிட்டால் ஒளி மங்கும். வளையத்துக்குள் ஒட்டிக் காய்ந்த மா, வுழூச் செய்யும்போது தண்ணீரையும் தோலில் படாமல் தடுக்கும். இறுக்கமான மோதிரத்தை வுழூவின்போது அசைத்து விடுவதையும் பழக்கமாக்குங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கலந்து, மெல்லிய தூரிகையால் துலக்கினால் போதும். தண்ணீர் போகும் குழாய் வாயை மூடிவிட்டுச் செய்யுங்கள்!

கடைசியாக ஒன்று

மோதிரம் மஹரில் சேருமா, வெறும் அன்பளிப்பா என்பதை நிகாஹுக்கு முன்பே இரு வீட்டாரும் பேசித் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். மஹர் பெண்ணின் உரிமை, நிகாஹ் பதிவில் எழுதப்படுவது. "மோதிரத்தில்தான் எல்லாம் கொடுத்துவிட்டோமே" என்று பிறகு யாரும் சொல்ல இடம் வைக்கக் கூடாது. சம்பந்தம் முறிந்துபோன வீடுகளில் மோதிரம் யாருக்கு என்று எழும் மனக்கசப்பை நான் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அது வந்திருக்காது.

சுற்றி நிற்கும் சின்னக் கற்கள் நடுக்கல்லைப் பெரிதாகக் காட்டுவதில் பிழை இல்லை. அதற்காகத்தானே அவற்றைப் பதிக்கிறார்கள்! பிழை, நிறையை மறைப்பதிலும் தாங்க முடியாத கடனில் விழுவதிலும்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் பிள்ளையோடு கடைக்குப் போகும்போது, அவள் ஆசையைக் கேளுங்கள், மாப்பிள்ளையின் வசதியைக் கேளுங்கள், நடுக்கல்லின் நிறையையும் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்த பின் வாங்கும் மோதிரம் எவ்வளவு சிறிதானாலும் அவள் விரலில் நிம்மதியாக இருக்கும்.