பூர்ஜ மரத்து விறகு

விறகு பிளப்பதற்குக் கைவலிமை ஒன்றே போதும், அறிவு வேண்டியதில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு வைகாசியில், நோர்வே நாட்டின் ஹாமர் நகருக்கு அருகே வாழும் என் தமையனார் இல்லத்தில் தங்கியபோதுதான் அவ்வெண்ணம் அகன்றது.

முற்றத்திலே வெள்ளைத் தோல் போர்த்த மரக்குற்றிகள் குவிந்து கிடந்தன. ஆங்கிலத்தில் பேர்ச் எனப்படும் மரம் அது. வடமொழியிலே பூர்ஜம் என்பது இதன் இனமே. இரு பெயர்களும் ஒரே மூலச் சொல்லின் வழிவந்தவை. இமயத்துப் பூர்ஜத்தின் பட்டையிலே காசுமீரத்தார் நூல்கள் எழுதினர். 1881இல் பெஷாவர்ப் பகுதியிலே கிடைத்த பக்சாலிக் கணித ஏடும் அப்பட்டையே. இவற்றையெல்லாம் அண்ணருக்கு விரித்துரைத்தேன். ஆசிரியத் தொழிலின் குறை அது. பொறுமையோடு கேட்டுவிட்டுக் கோடாலியை என் கையில் தந்தார்.

நானோ குற்றிகளைப் பிளக்காமலே அடுக்கி, மழைக்கு அஞ்சி நாற்புறமும் படங்கினால் மூடிவிட்டேன்.

"தம்பி, இந்தத் தோல் தண்ணியை வெளியிலே விடாது. பிளக்காமல் விட்டால் உள்ளுக்குள்ளேயே உக்கிப்போகும்" என்றார் அண்ணர்.

வெட்டிய புதிதில் அம்மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீரே. அது நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இறங்கினால்தான் விறகு அடுப்புக்கு ஆகும். இன்றேல், ஒவ்வொரு கிலோ நீரையும் ஆவியாக்குவதற்கே ஏறத்தாழ 2,260 கிலோயூல் வெப்பம் வீணாகும். புகைபோக்கியிலே தார் படிந்து தீப்பற்றவும் கூடும். ஆதலால் இலை துளிர்க்குமுன் தறித்து, இளவேனிலிலே பிளந்து, நிலத்திற் படாமல் இடைவெளி விட்டு அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடுகின்றனர். மற்றதைக் கோடைக் காற்றுப் பார்த்துக்கொள்ளும். நன்கு உலர்ந்த துண்டுகள் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

ஒருநாள் மாலை மழை தூறியது. அண்ணர் நனைந்த பட்டையொன்றை உரித்துத் தீக்குச்சியைக் காட்டினார். எண்ணெய்ப் பசையுள்ள அப்பட்டை, காய்ந்த பன்னாடை போலப் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அவரிடம் நான் சொல்லாதிருந்த ஒன்று அப்போது வாயில் வந்துவிட்டது.

1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையிலே தங்கியிருந்தோம். அடைமழை. ஈரத் தென்னம்மட்டையை ஊதி ஊதி, கண் சிவந்து, ஒரு பானைக் கஞ்சிக்கு அம்மா இரண்டு மணி நேரம் போராடுவார். அடுத்த தை மாதத்தில் நெஞ்சுச் சளி முற்றி மறைந்தார். அந்தப் புகைதான் காரணம் என்று கூற நான் வைத்தியன் அல்லன். 1988இலேயே நோர்வேக்குச் சென்றுவிட்ட அண்ணருக்குக் கடிதம் கிடைத்தபோது அந்தியேட்டியும் முடிந்திருந்தது.

"காய்ஞ்ச விறகு ஒண்டும் இருக்கேல்லையோ?" என்றார்.

"இல்லை அண்ணை."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அந்நாட்டிலே வைகாசியில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதுவரை இருவரும் பிளந்துகொண்டேயிருந்தோம். வரும் இரண்டு பனிக்காலங்களுக்குப் போதிய உலர்ந்த விறகு அவருடைய கொட்டிலிலே முன்னமே நிறைந்திருந்ததை மறுநாள்தான் கண்டேன்.