முற்றத்தில் மேடாய் நின்ற மூடி



நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐப்பசி மழைக்கு முன்னதாக வாசலுக்குக் கல் பாவும் வேலை பல வீடுகளில் நடைபெறும். செம்மண் தரை மழையில் சேறாகிவிடுவதால், பேவர் பிளாக் கற்களைப் பதிக்கிறார்கள். நம் போதகர் இல்லத்தின் வாசலிலிருந்து தெருக்கதவு வரை வண்டி வரும் பாதைக்கும் அவ்வாறே கல் பாவினோம். நூல் கட்டி மட்டம் பார்த்தபோது, பாதையின் நடுவே கழிவுநீர்த் தொட்டியின் மூடி, கற்கள் அமையவேண்டிய மட்டத்தைவிட நான்கு அங்குலம் மேலே நின்றது.

சபையார் மூன்று ஆலோசனைகளைக் கூறினர். சட்டத்தை உடைத்தெடுத்து, ஒரு பலகைக்கல்லால் வாயை மூடி, அதன்மேல் கற்களைப் பாவி மறைத்துவிடலாம் என்பது ஒன்று. உள்ளபடியே விட்டுவிடலாம், வண்டி ஒதுங்கிப் போகட்டும் என்பது மற்றொன்று. சற்றுச் செலவானாலும் மூடியை இறக்கி வைப்பதே முறை என்று மேஸ்திரி சொன்னார்.

மறைப்பது அழகாகத்தான் இருக்கும். ஆயினும் செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுத்தம் செய்யவேண்டும். போதகர்கள் மாற்றலாகிப் போகிறவர்கள். அடுத்து வரும் குடும்பத்துக்குத் தொட்டி எங்கே என்று யார் சொல்வார்? வாய் எங்கிருக்கிறது என்று அறியாமல் அதன்மேல் பாரவண்டியை நிறுத்தினால், அந்தப் பலகைக்கல் எத்தனை நாள் தாங்கும்? உள்ளபடியே விட்டாலோ, மாலை ஜெபக்கூட்டத்துக்குக் கோலூன்றி வரும் நம் முதிய தாய்மாருக்கு அந்த நான்கு அங்குலமே இடறல்.

ஆகையால் மூடியை இறக்கினோம். சட்டத்தைச் சுற்றியிருந்த காங்கிரீட்டை உளியால் தட்டி எடுத்து, தொட்டியின் கழுத்திலிருந்து ஒரு வரிசைச் செங்கல்லை நீக்கினார்கள். ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் சிமெண்டுக் கலவை போட்டுச் சட்டத்தை மீண்டும் உட்காரவைத்து, நான்கு புறமும் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார்கள். மழைநீர் மூடியை நோக்கி ஓடாதபடி பாதைக்கு வாட்டம் கொடுத்தார்கள். பழைய மூடி மெல்லியது. வண்டி ஏறும் இடமாதலால், இந்தியத் தர நிர்ணயத்தில் எம்.டி. 10 என்று குறிக்கப்படும், 10 டன் தாங்கும் வகையை வாங்கினோம். கலவை இறுகும்வரை ஈரச்சாக்கு போர்த்தி, எந்த வண்டியையும் விடவில்லை.

மூடி ஏன் மேடாயிற்று என்று மேஸ்திரியிடம் கேட்டேன். “ஐயா, மூடி உயரவில்லை; சுற்றியிருந்த மண்தான் இறங்கியிருக்கிறது” என்றார். தொட்டி கட்டத் தோண்டிய குழியின் ஓரங்களில் தளர்வாகக் கொட்டிய மண், மழைக்கு மழை அமிழ்ந்துபோகும். அதைத் தண்ணீர் விட்டு நன்றாக இடித்து இறுக்காமல் கல் பாவினால், மூடி மறுபடியும் மேடாகும். தெருக்களிலோ இதற்கு எதிரானது நடக்கிறது. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிது போடுவதால், மூடிகள் பள்ளத்தில் போகின்றன, வீடுகளும் தாழ்கின்றன. பழைய பரப்பைச் சுரண்டிய பின்னரே புதிய சாலை போடவேண்டும் என்று 2021இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார்.

வேலை நடந்தபோது நான் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றே: திறந்த வாயருகே ஒருவரும் குனியலாகாது, ஒருவரும் உள்ளே இறங்கலாகாது. தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் முகரும் உணர்வையே மழுங்கச் செய்து, கணப்பொழுதில் மனிதனை வீழ்த்திவிடும். பாதுகாப்பின்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இவ்வாறு இறந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கட்டளையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் உயிருக்கு ஈடாகுமோ? இறங்குகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து அழைக்கப்படுகிறார்கள் என்பதும் நாம் அறியாததன்று. அவர்களும் தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள் அல்லவா?

யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் ஒரு பிரமாணம் உண்டு. குழியைத் திறந்துவைத்து மூடாமற்போனவன், அதில் விழுந்த மாட்டுக்கும் கழுதைக்கும் ஈடு கொடுக்கவேண்டும். விழுந்த மிருகத்தின்மேல் குற்றம் சுமத்தப்படவில்லை. குழிக்கு உரியவனே பொறுப்பு. மாட்டுக்கே இவ்வளவு என்றால், மனிதனுக்கு எவ்வளவு!

நம் மாவட்டத்துக் கண்மாய்களில் குமிழித் தூம்புகளைக் கண்டிருப்பீர்கள். நீரடியில் மடையின் வாய் இருக்கும் இடத்தில் இரண்டு கல்தூண்களை நிறுத்தி, வாயை அடைக்கும் கல்லைத் தூக்கி இறக்க வழிசெய்தார்கள். கண்மாய் நிறைந்திருந்தாலும் மடை இருக்கும் இடம் கரையிலிருப்போருக்குத் தெரியும். நம் முன்னோர் வாயை மறைக்கவில்லை, அடையாளம் வைத்தார்கள். நம் மூடியும் இப்போது ஒருவரையும் இடறாத மட்டத்தில், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கிறது.

குடும்பங்களிலும் சபையிலும் இப்படிப்பட்ட மேடுகள் உண்டு: பழைய கடன், பங்காளிச் சண்டை, பேசாதுபோன உடன்பிறப்பு. சிலர் அழகாகப் பாவி மறைக்கிறார்கள். சிலர் சுற்றிப் போகப் பழகிவிடுகிறார்கள். இரண்டும் பின்னால் வருகிறவரை விழச்செய்யும். உடைத்து, இறக்கி, வேண்டும்போது திறக்கக்கூடிய விதமாய் வைப்பதே அன்பின் வேலை.

இந்த வாரம் உங்கள் வீட்டுத் தொட்டியின் மூடியைப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள், பிள்ளைகளுக்கு இடத்தைக் காட்டிவையுங்கள். சுத்தம் செய்ய ஆளை இறக்காமல், உறிஞ்சும் வண்டியையே அழையுங்கள். அதற்கான உதவி எண் 14420. கரடானவற்றைச் சமமாக்குகிற ஆண்டவர் உங்கள் வாசல்களைக் காப்பாராக. ஆமென்.