இன்னிக்கு பாடு எப்படி?

ஒரு சின்ன டெஸ்ட். உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல இதுவரைக்கும் கேட்டதுல சினிமாவுல வராத பாட்டு ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம். சாமி பாட்டு, தமிழ்த்தாய் வாழ்த்து எல்லாம் கணக்குல சேராது. என்ன, முழிக்கிறீங்களா? உங்க தப்பில்ல பாஸ். நம்ம ஊர்ல பாட்டுன்னாலே சினிமாப் பாட்டுதான். சொந்தமா மெட்டுப் போட்டுப் பாடுறவனை 'பாவம், நல்லா படிக்கிற பையன்'னு பரிதாபமா பார்ப்பாங்க. அப்படிப் பார்க்கப்பட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.

எனக்கு ஊர் கருக்களாச்சேரி. காரைக்கால்ல கடலோரம் இருக்கிற மீனவர் கிராமம். படிப்பு எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங். சொத்து ஒரு செகண்ட்-ஹேண்ட் கிட்டார். ஹாஸ்டல் ரூம்மேட் பாடுவான். ஜூனியர் தம்பி ஒருத்தன் கஹோன் வாசிப்பான். அதாங்க, மேலேயே உட்கார்ந்து கையால தட்டுற மரப்பெட்டி. இந்த மூணு பேருக்கும் போன ஜூன் மாசம் புதுச்சேரி இசைத் திருவிழாவுல ஒரு குட்டி மேடை கிடைச்சுது. மொத்தம் இருபது நிமிஷம்.

இந்த விழாவுக்கு ஒரு கதை இருக்கு. 1982 ஜூன் 21-ல பிரான்ஸ்ல ஆரம்பிச்சது. அப்போ கலாசார அமைச்சரா இருந்த ஜாக் லாங், அவர் துறையில இசையைக் கவனிச்ச மொரிஸ் ஃப்ளூரே ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச ஏற்பாடு. வித்வானோ கத்துக்குட்டியோ, யார் வேணும்னாலும் தெருவுல வந்து வாசிக்கலாம். கேட்கிறவங்களுக்கு டிக்கெட் கிடையாது. பேர் 'ஃபெத் த லா மியூசிக்'. ஒரு விதமா எழுதினா 'இசை விழா'ன்னு அர்த்தம். உச்சரிப்பை மாத்தாம வேற விதமா எழுதினா 'இசை பண்ணுங்க'ன்னு அர்த்தம். செம ஐடியால்ல? 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த ஊர்ங்கிறதால புதுச்சேரியில இது ரொம்பப் பிரபலம். காரைக்காலும் அதே பிரெஞ்சுக்காரங்க கையில இருந்ததுதான். ஆனா, நாங்க அந்த மேடைக்குப் போகணும்னா தமிழ்நாட்டுக்குள்ள 130 கிலோமீட்டருக்கு மேல பஸ்ல போகணும்.

விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பினேன். அப்பா முழிச்சிருந்தார். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிஞ்சு கடலுக்குப் போன விசைப்படகு முதல் நாள்தான் திரும்பியிருந்தது.

"பாட்டுக்கு எவ்வளவு தருவாங்க தம்பி?"

"காசு கிடையாதுப்பா."

"டீசல் காசாவது தேறுமா?"

"தேறாதுப்பா."

"சரி, போயிட்டு வா. நாங்க மட்டும் என்ன, பாடு தெரிஞ்சா போறோம்?"

எங்க ஊர்ல 'பாடு'ன்னா வலையில விழுற மீன். கரைக்கு வர்ற படகைப் பார்த்து முதல்ல கேட்கிற கேள்வியே 'பாடு எப்படி?'ங்கிறதுதான். கஷ்டத்துக்கும் அதே வார்த்தை, பாடச் சொல்றதுக்கும் அதே வார்த்தை. பிரெஞ்சுக்காரங்களுக்கு ரெண்டு அர்த்தம்னா நமக்கு மூணு!

பஸ்ஸுல ஆளுக்கொரு பக்கம் சண்டை. "முதல்ல ஒரு ஹிட் பாட்டை விட்டாதான்டா கூட்டம் நிக்கும்"னான் ரூம்மேட். அவன் சொன்னதுலயும் நியாயம் இருந்தது. ஆனா, அந்தப் பாட்டைக் கேட்க நாங்க எதுக்கு? எல்லார் போன்லயும் இருக்கே. கடலூர் வர்றதுக்குள்ள முடிவாச்சு. நாலு பாட்டு, நாலும் எங்களோடது.

மேடையில வாசிக்கிறவனோட நாள் எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க? தூக்குறது, காத்திருக்கிறது, ஒயர் சுத்துறது. மறுபடி காத்திருக்கிறது. மத்தியானம் சவுண்ட் செக்ல கிட்டார் ஆம்ப் 'ம்ம்ம்'னு இரைய ஆரம்பிச்சுது. அது நம்ம வீட்டு கரன்ட்டோட குரல், 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்பும் மிக்ஸரும் வேற வேற பிளக் பாயின்ட்ல இருந்தா, ரெண்டு எர்த்துக்கும் நடுவுல ஒரு வளையம் உண்டாகி இப்படி இரையும். ரெண்டையும் ஒரே போர்டுல சொருகினதும் கப்சிப். நாலு செமஸ்டர் ஃபீஸ் அந்த நிமிஷமே வசூல்!

சாயங்காலம் ஏறினோம். எதிர்ல நாற்பது பேர் இருப்பாங்க. முதல் பாட்டு முடியும்போது முப்பது. ரெண்டாவது முடியும்போது நான் எண்ணினேன், பதினேழு. ரூம்மேட் என்னை ஒரு பார்வை பார்த்தான். 'இப்பவாவது சினிமாப் பாட்டு போட்டுரலாமா?'ங்கிற பார்வை. நான் அடுத்த பாட்டோட கார்டைப் பிடிச்சேன்.

அது எங்கம்மா பாட்டு. கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு தெருத் தெருவா மீன் விக்கும்போது அம்மா ஒரு கூப்பாடு போடுவாங்க. கடைசி எழுத்தை இழுத்து, மேல ஏத்தி, சட்டுன்னு வெட்டுவாங்க. அந்த இழுப்புதான் மெட்டு. பாட்டு நடுவுல ரோட்டுல போய்க்கிட்டிருந்த சிலர் திரும்பிப் பார்த்தாங்க. ரெண்டு மூணு பேர் நின்னாங்க. பெரிய மாயம் எல்லாம் நடக்கல. பதினேழு இருபதாச்சு, அவ்வளவுதான்.

இறங்கினதும் சவுண்ட் பார்த்த அண்ணன் கேட்டார்: "தம்பி, அந்த மூணாவது பாட்டு எந்தப் படம்?"

"படம் இல்லண்ணே. எங்கம்மா."

அவருக்குப் புரிஞ்சுதான்னு தெரியல. எனக்குப் புரிஞ்சுது. நல்ல பாட்டுன்னா படத்துலதான் இருக்கணும்னு அவர் நினைச்சார்னா, அவர் எங்களுக்குக் கொடுத்த பாராட்டும் அதுதான், நம்ம பிரச்னையும் அதுதான்.

இதை மாத்த நம்ம பக்கத்துலயே ஆட்கள் இறங்கியிருக்காங்க. 2015-ல டி.எம். கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் மாதிரியானவங்க ஊர்க்காரங்களோட சேர்ந்து சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்துல விழா எடுத்தாங்க. சபாவுக்குள்ள இருந்த கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மீனவர் குப்பத்துக்கு வந்துச்சு. 2018 ஜனவரியில 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் தடவையா சென்னையில மேடை ஏறினாங்க. சாதிக்கு எதிரான சொந்தப் பாட்டு, கானா, ராக், ராப் எல்லாம் கலந்து. எந்தப் படத்துலயும் வராத அந்தப் பாட்டைக் கேட்கக் கூட்டம் கூடுச்சு.

ராத்திரி பஸ் பிடிச்சு காரைக்கால்ல இறங்கும்போது மணி ரெண்டு. துறைமுகத்துப் பக்கம் ஐஸ் வண்டிங்க நின்னுச்சு. கணக்குப் பார்த்தோம். மீன் வித்த காசுல டீசல், ஐஸ் செலவைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் பங்கு வைக்கிறது எங்க ஊர் வழக்கம். எங்களுக்குப் பங்கு வைக்க மிஞ்சினது ரெண்டு சமோசா. ஜூனியர் தம்பிக்கு ஒண்ணு, மிச்சத்தை நாங்க ரெண்டு பேரும் பிச்சுக்கிட்டோம்.

அடுத்த ஜூன்ல பிளான் வேற. பஸ் ஏறப் போறதில்ல. ரெண்டு மைக், ஒரு ஆம்ப், ஒரு மிக்ஸர், எல்லாம் ஒரே போர்டுல. இடம் கருக்களாச்சேரி கடற்கரை. முதல் வரிசையில எங்கம்மா. டிக்கெட் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஒரே ஒரு கண்டிஷன், பாட்டு உங்களோடதா இருக்கணும்.

வர்றீங்களா? வந்து பாடுங்க. பாடு எப்படின்னு அப்புறம் பார்த்துக்கலாம்!