ஈயக் கோட்டில் ஒரு கோலம்

மெல்போர்ன் நகரத்தின் வடபுறத்தே உள்ள பிரன்ஸ்விக் என்ற பகுதி ஒரு காலத்தில் செங்கற் சூளைகளுக்குப் பேர்போனது; சூளைகள் அணைந்து வெகுகாலமாகிவிட்ட போதிலும், பழைய செங்கற் கட்டடங்கள் சில சந்துகளுக்குள்ளே இன்னமும் தொழிற்கூடங்களாகவே ஜீவித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், வீடுகளுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைச் செய்து கொடுக்கும் அம்மையார் ஒருவரும், அவரிடம் தொழில் பயிலும் இளைஞர் ஒருவரும் வேலை செய்கிறார்கள். என் சகோதரியின் மகன், தான் கட்டிவரும் வீட்டின் வாசற்கதவுக்கு மேலே ஒரு சிக்குக் கோலத்தைக் கண்ணாடியில் அமைக்க ஆசைப்பட்டுத் தன் மனைவியோடு அங்கே புறப்பட்டபோது, கோலத்தின் இலட்சணம் தெரிந்த பெரியவர் ஒருவர் உடனிருப்பது நலம் என்று நானே ஒரு நியாயத்தைக் கற்பித்துக்கொண்டு கூடப் போனேன். கோலம் போட்டவள் அவன் மனைவி. எனக்கு அதில் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்த்த பாண்டித்தியம் மாத்திரமே உண்டு.

லெட்லைட் என்று அந்நாட்டார் வழங்கும் இந்த ஈயச் சட்டக் கண்ணாடி, அங்கே கப்பலேறி வந்த கலை. ஸ்காட்லாந்துக்காரர் இருவர் 1853-இல் மெல்போர்னில் தொடங்கிய பெர்குஸன் அண்டு யூரி என்ற கடை, முதலில் குழாய் வேலையும் கூரை வேலையும் பார்த்து, ஈயத்தோடு பழகிய அந்தக் கையோடேயே கண்ணாடிக்கு வந்து, 1899-இல் மூடப்படும் வரையில் நூற்றுக்கணக்கான மாதாகோவில்களுக்கு ஜன்னல் செய்தது. மாதாகோவிலிலிருந்து கலை வீட்டுக்கு இறங்கியபோது அதன் சித்திரங்களும் மாறின. பாரிஸ் கம்யூன் புரட்சியில் கலந்துகொண்டு நியூ காலடோனியாத் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட லூசியன் ஆன்றி என்ற பிரெஞ்சு ஓவியர், விடுதலை பெற்றுச் சிட்னிக்கு வந்து சேர்ந்து, வராட்டா என்னும் அந்நாட்டுச் செம்மலரை அலங்காரக் கலைகளிலே புகுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். சிட்னி நகர மண்டபத்தில் அவர் வரைந்து கொடுத்த ஜன்னல்களை இன்றும் காணலாம். ஏறத்தாழ 1890-க்கும் 1915-க்கும் இடையே எழுந்த வீடுகளின் வாசற்கதவைச் சுற்றிலும் அந்த வராட்டாவும் கூக்கபராப் பறவையும் கண்ணாடியில் குடியேறியிருப்பதைத் தெருவில் நடந்துபோகிறவர் எவரும் பார்க்கலாம்.

பட்டறைக்குள் நுழைந்ததும் வர்ணஜாலத்தை எதிர்பார்த்த எனக்குக் கண்ணில் பட்டவை, மர அடுக்குகளில் செங்குத்தாகச் செருகிய கறுத்த பலகைகளே. அம்மையார் ஒன்றை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்த பிறகுதான் அது நீலமாயிற்று. ஜெர்மனியில் வால்ட்ஸாஸன் என்னும் ஊரிலே, வாயால் ஊதி உருளையாக்கி, நெடுக்கே கீறி, மறுபடி உலையில் இளக்கித் தகடாக விரித்த கண்ணாடி அது. உள்ளே சிறு சிறு குமிழிகள் சிறைப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் இவ்விதம் ஊதித் தகடு செய்யும் தொழில் இப்போது அற்றே போய்விட்டதாம். சில நிறங்கள் தகட்டின் முழுக் கனத்துக்கும் ஓடுமானால் வெளிச்சத்தையே அடைத்துவிடும். ஆகையால் நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய தோலாக மட்டும் அந்த நிறத்தை ஏற்றுகிறார்கள். ஓரத்தை உற்றுப் பார்த்தால் அந்தத் தோல் ஒரு மயிரிழையாகத் தெரிகிறது.

அம்மையார் முதலில் கேட்ட கேள்வி, வாசல் எந்தத் திசை நோக்கியது என்பது. இவரும் வாஸ்து பார்க்கிறாரோ என்று மருமகன் திடுக்கிட்டான். காரணம் வேறு: அந்த நாட்டில் சூரியன் வடபுறமாகச் சாய்ந்து செல்வதால், தெற்குப் பார்த்த வாசலில் நேர்வெயில் விழுவது அரிது, ஆழ்ந்த நிறங்களை அங்கே வைத்தால் அவை பகலெல்லாம் இருண்டு கிடக்கும். மருமகனின் வாசலோ தெற்கு. ஆகவே வெளிறிய நீலமே தகும் என்று முடிவாயிற்று.

இதற்குள் இளைஞர் வேறொரு ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். நம் ஊர்க் கண்ணாடிக்காரர் 'வைரம்' வைத்துக் கீறுவாரே, அந்த வைரத்தின் ஸ்தானத்தில் இங்கே எண்ணெய் தோய்ந்த ஒரு குட்டிச் சக்கரம். அது கண்ணாடியை அறுப்பதில்லை, முறிவு போகவேண்டிய வழியைக் காட்டுகிறது. கீறல் ஒரே மூச்சில் ஓடவேண்டும், நடுவில் நின்று மறுபடி தொடங்கினால் முறிவு தன் இஷ்டப்படி போய்விடும். வெட்டிய துண்டுகளை முழு அளவு வரைபடத்தின் மேல் பரப்பி, இருபுறமும் பள்ளம் ஓடிய காரீயப் பட்டியை ஒரு முனையில் இடுக்கியில் பூட்டி, மறுமுனையைக் குறட்டால் பிடித்து இழுத்து நிமிர்த்தி, துண்டுக்குத் துண்டு நடுவே வளைத்துக் கொடுத்து, நகராதபடி குதிரை லாடத்து ஆணிகளை அணைவாக அடித்துக்கொண்டே போகிறார்கள். பட்டியும் பட்டியும் சந்திக்கும் மூட்டுகளில்தான் உண்மையான பரீட்சை. பாதி வெள்ளீயமும் பாதி காரீயமுமான பற்றாசு 212 டிகிரியில் முற்றும் உருகிவிடும். காரீயப் பட்டி உருகுவது 327 டிகிரியில். சூட்டிரும்போ இரண்டையும் விட அதிகமாகக் காய்ந்தது. அது ஒரு நொடி கூடுதலாகத் தங்கினால் மூட்டோடு பட்டியும் கரைந்து போகும். நம் தட்டார் பொடி வைத்து ஊதும்போது காட்டும் நிதானத்தை அந்த இளைஞரின் மணிக்கட்டில் கண்டேன். பிறகு ஆளிவிதை எண்ணெயும் சீமைச் சுண்ணாம்புப் பொடியும் புகைக்கரியும் குழைத்த லப்பத்தைப் பிரஷ்ஷால் பட்டியின் இடுக்குகளில் திணித்து இறுகவிட்டால், மழை உள்ளே வராது, கண்ணாடியும் ஆடாது.

இனி, கோலத்தின் கதை. மருமகள் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்து வந்த தாளை அம்மையார் வெகுநேரம் பார்த்தார். மிகவும் அழகு என்றார். இப்படியே செய்ய இயலாது என்றும் சொன்னார். கோலத்தின் வெளியோரத்தில் ஒரு சுழிக்கும் அடுத்த சுழிக்கும் இடையே கூர்மையான பள்ளங்கள் விழுகின்றன. அந்தப் பள்ளங்களுக்கு இசைவாக வெளிப்புறக் கண்ணாடியை ஒரே துண்டாக வெட்டுவது அசாத்தியம், ஏனெனில் சுழிகளைச் சுற்றி ஓரம் எங்கே ஆழமாக உட்குழிகிறதோ அங்கே கண்ணாடி விரிசல் விட்டே தீரும். ஆகையால் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் சட்டம் வரையில், கோலத்தில் இல்லாத ஒரு கோட்டை இழுக்கவேண்டும். மருமகளின் முகம் சுருங்கிற்று. கோலக் கோட்டுக்கு அகன்ற பட்டியும், கண்ணாடியின் தேவைக்கான கோட்டுக்கு மிக மெல்லிய பட்டியும் வைத்தால், சற்றுத் தள்ளி நிற்கும் கண் இரண்டாவதைப் பொருட்படுத்தாது என்று அம்மையார் இரண்டு துண்டு ஈயத்தைத் தாளின் மேல் வைத்தே காட்டினார். இந்தக் கலையில் நிறம் காசு கொடுத்தால் கிடைக்கும், கோடு யோசித்தால்தான் கிடைக்கும் என்ற அபிப்பிராயம் எனக்கு அப்போதுதான் உண்டாயிற்று.

புள்ளிகள் அதைவிடப் பெரிய சங்கடம். கண்ணாடிக்கு நடுவே எதையும் தொடாமல் நிற்கும் புள்ளியை ஈயத்தால் பிடித்து நிறுத்த வழியில்லை. வெள்ளை வர்ணத்தில் எழுதிச் சூளையில் வைத்துச் சுடலாமே என்றான் மருமகன். ஒளியை மறைக்கும் வெள்ளை, வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறவருக்குக் கறுப்பாகவே தெரியும் என்றார் அம்மையார். எனக்குச் சுருக்கென்றது, மாவுக் கோலத்தில் வெள்ளையாயிருக்கும் கோடு முழுவதும் இங்கே கறுத்த ஈயமாகவும், இருண்ட தரையாயிருப்பது ஒளியாகவும் தலைகீழாக மாறப்போகிறது என்பதை நாங்கள் அதுவரை யோசிக்கவே இல்லை. பரிகாரம் அந்த மெல்லிய தோலில் இருந்தது: நிறமற்ற கண்ணாடியின் மேல் நீலத் தோல் ஏற்றிய தகட்டில், புள்ளி வேண்டிய இடத்தில் மட்டும் மணலைப் பீய்ச்சி அந்தத் தோலை உரித்துவிட்டால், அங்கே வெள்ளொளி பிறக்கும். கோடு கறுத்தாலும் புள்ளியாவது வெள்ளையாக நிற்கட்டும் என்று மருமகள் சம்மதித்தாள்.

பக்கத்து மேஜையில் ஏறக்குறைய நூறு வயதான ஒரு ஜன்னல், வயிறு தள்ளியதுபோல் வளைந்து கிடந்தது. காரீயம் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கித் தளர்ந்துவிடும். கண்ணாடிக்கு மூப்பில்லை, பட்டிக்கு உண்டு. பழைய பட்டியைப் பிரித்து, துண்டுகளைக் கழுவி, புதுப் பட்டியில் கோக்கும் இந்த வேலையே பட்டறைக்குச் சோறு போடுகிறது. புதிய சித்திரங்கள் அங்கங்கே வரும் விருந்து. பிரித்துப் பார்க்கும்போதுதான் பழைய கைகளின் யுக்திகள் தெரிகின்றன என்றார் இளைஞர். மெல்லிய பட்டி உபாயமும் அப்படிக் கிடைத்ததுதானாம். காரீயம் உடம்பில் ஏறும் விஷமாதலால், பட்டறைக்குள் ஒரு வாய் காப்பிக்கும் இடமில்லை. இருவரும் காலந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள்.

விலை சதுர அளவை மட்டும் பொறுத்ததன்று, துண்டுகளின் எண்ணிக்கையையும் வளைவுகளையும் பொறுத்தது என்று கேட்டபோது மருமகன் கோலத்தை ஏக்கத்தோடு ஒருமுறை பார்த்துக்கொண்டான். புறப்படும் சமயத்தில் மருமகள், இது விடாமல் ஓடும் ஒரே கோடு, அறுபடக் கூடாது என்றாள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பட்டியை அறுத்தே ஆகவேண்டும் என்றார் அம்மையார். எது ஊடே ஓடவேண்டும், எது அறுபட்டு நிற்கவேண்டும் என்பதை மட்டும் நீங்களே தீர்மானிக்கலாம் என்று பென்சிலை நீட்டினார். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறி மாறிக் குறித்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட, நானும் மருமகனும் வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தோம். அப்பொழுதும் பாதிதான் முடிந்திருந்தது.