வால்வு மேல் போட்ட பழி

ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் மகன் வீட்டுக்கு நானும் என் வீட்டுக்காரியும் குடிவந்து ஏழு வருஷம் ஆகிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்து, பிறகு ஆங்கிலத்தில் கோப்பு எழுதியே காலத்தை ஓட்டிய குமாஸ்தா. "இங்கே ரெனோ-நிஸான் கார் தொழிற்சாலை 2010-லேயே வந்தாச்சுப்பா. ஸ்ரீபெரும்புதூர்ல செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை வேற இருக்கு. பிரெஞ்சுக்காரங்க வந்துபோற ஊரு, உங்களுக்குப் பொழுது போகும்" என்று மகன் ஆசை காட்டினான். ஏழு வருஷத்தில் என் பிரெஞ்சு, ஒரே ஒருமுறை பழக்கடையில் ஒரு வெள்ளைக்காரருக்குப் பப்பாளி விலை சொல்ல உதவியது. அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் இரண்டாவது தடவை உதவியது. அந்தக் கதைதான் இது.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஆறு பையன்கள் ஒரே அறையில் இருக்கிறார்கள். எல்லோரும் காண்ட்ராக்ட் வேலை. ஏ ஷிப்ட் பையன் எழுந்த பாயில் சி ஷிப்ட் பையன் படுப்பான். அவர்களில் ஒருவன் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை கிராமத்துப் பிள்ளை. ஐடிஐ படித்தவன். ஊர்க் கோயில் பாடகர் குழுவில் கித்தார் வாசிப்பானாம். ஒருநாள் சாயங்காலம் மழையில் நனைந்தபடி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

"தாத்தா, உங்களுக்கு பிரெஞ்ச் தெரியும்னு அண்ணன் சொன்னாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்றீங்களா?"

அது வால்வு போட்ட சின்ன கித்தார் ஆம்ப்ளி. ஐந்து வாட்டுதான். இந்தப் பக்கம் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டு இன்ஜினியர், போகிற அவசரத்தில் விற்றுவிட்டுப் போனாராம். பையன் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறான். அவன் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. வாங்கிய மூன்றாம் நாளே தகராறு. ஒரே உறுமல், நடுவில் கரகரப்பு, இருபது நிமிஷம் வாசித்தால் சத்தம் தொண்டை கட்டியது போல அமுங்கிப் போகிறது. "கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கொண்டுபோய் வாசிக்கணும் தாத்தா. எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்" என்றான்.

பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். 'ஸ்பீக்கர் இல்லாமல் ஸ்விட்ச் போடாதே. பவர் லாம்ப் மாற்றியது, இரண்டு முறை. மறுபடியும் அதே கோளாறு.'

ஆங்கிலேயர் வால்வு என்பதையும் அமெரிக்கர் டியூப் என்பதையும் பிரெஞ்சில் லாம்ப், அதாவது விளக்கு என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்ததும் நெஞ்சில் ஏதோ தட்டியது. இரண்டு முறை மாற்றியும் அதே கோளாறு. இதே கதை என் வாழ்க்கையில் ஒருமுறை நடந்திருக்கிறது.

1971. எனக்கு இருபத்தொரு வயது, வேலை இல்லை. டியூஷன் சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் எடுபிடி. எழென் எஸ்பேர் என்பவர் பிரெஞ்சில் எழுதிய 'ரேடியோவா? ரொம்பச் சுலபம்!' என்ற பொருள் தரும் தலைப்புள்ள புகழ்பெற்ற புத்தகத்தை வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்த மாதிரி திரிந்த காலம். என் கூடப் படித்த நண்பன் வீட்டில் ஒரு கித்தாரும் வால்வு ஆம்ப்ளியும் இருந்தன. அவன் அண்ணன் பிரெஞ்சுப் படையில் சொல்தா. லீவில் வந்தபோது கொண்டுவந்தது.

அதன் பவர் வால்வு எரிந்துபோயிற்று. அந்தக் காலத்தில் நம் நாட்டிலேயே நல்ல வால்வுகள் செய்தார்கள். டியூஷன் காசில் ஒன்று வாங்கிப் போட்டேன். மூன்று வாரத்தில் அதுவும் போயிற்று. இன்னொன்று வாங்கினேன். அதுவும் போயிற்று. அப்போது நண்பன் சொன்னான்: "உங்க இந்தியா வால்வு இவ்வளவுதான்டா. பிரான்சுல வாங்கியது நாலு வருஷம் வந்துச்சு."

'உங்க' என்றானே, அதுதான் சுட்டது. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவன் அப்பா எழுதிக் கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. அதுவரை எங்களுக்குள் அது ஒரு பேச்சே இல்லை. அன்றைக்கு வந்துவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை, சொல்லக்கூடாததைச் சொன்னேன். அத்தோடு பேச்சு நின்றது. மறு வருஷம் அவன் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டான்.

அரசு வேலை கிடைத்த பிறகும் ரேடியோப் பைத்தியம் என்னை விடவில்லை. 1978-இல் பக்கத்து வீட்டு ரேடியோ ஒன்று இதே மாதிரி வால்வாகத் தின்றது. அதைக் குடைந்தபோதுதான் காரணம் புரிந்தது. நண்பனுக்குக் கடிதம் எழுத நினைத்தேன். வீம்பு, எழுதவில்லை.

இதையெல்லாம் பையனிடம் சொல்லவில்லை. "உள்ளே வா தம்பி, பார்க்கலாம்" என்றேன். என் காதில் இப்போது மெல்லிய சத்தம் ஏறுவதில்லை, கையும் நடுங்குகிறது. "காதும் கையும் உன்னுடையது. வழி நான் சொல்கிறேன்" என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

ஆம்ப்ளியில் கோளாறு பார்ப்பது, ஆபீசில் காணாமல் போன மனுவைத் தேடுவது மாதிரிதான். மனு எந்த மேஜைவரை ஒழுங்காக வந்தது, எந்த மேஜையில் நின்றது என்று பார்க்க வேண்டும். எடுத்தவுடன் ஆபீசரை மாற்றக்கூடாது. கித்தாரிலிருந்து வருகிற மின்சாரம் மிகச் சிறியது, ஏழை கொடுத்த மனு. அதை முதலில் வாங்குவது ஈசிசி83 என்ற சின்ன வால்வு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு குமாஸ்தாக்கள். அவர்கள் அதைப் பெரிதாக்கி மேலே அனுப்புகிறார்கள். கையெழுத்துப் போடும் ஆபீசர் இஎல்84 என்ற பவர் வால்வு. அதற்குப் பிறகு டிரான்ஸ்ஃபார்மர், அப்புறம் ஸ்பீக்கர்.

முதலில் உறுமல். பெட்டியைத் திறக்க வேண்டியதே இல்லை. "வால்யூமைக் குறை. உறுமல் குறையுதா?" என்றேன். குறைகிறது என்றான். அப்படியானால் உறுமல் வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாலிருந்து வருகிறது. குறைக்காமலே ஒரே அளவில் நின்றால், அதற்குப் பின்னால், பெரும்பாலும் பவர் பக்கத்துப் பெரிய கண்டென்சரில் பழுது இருக்கும். அடுத்து கித்தார் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். உறுமல் நின்றுவிட்டது. ஆக, குற்றம் ஆம்ப்ளிக்கு வெளியே! அவர்கள் அறையில் மாட்டிப் பார்த்தோம். ஃபேனை நிறுத்தியதும் பாதி போயிற்று. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கக்குகிற இரைச்சலைக் கித்தாரின் காந்தச் சுருள் பிடித்துக்கொள்கிறது. மீதிப் பாதிக்குக் காரணம், மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி எர்த்தே இல்லாமல் வைத்திருந்தது. உறுமலை விடுங்கள், அது உயிருக்கே ஆபத்து. எர்த் சரியாக இருக்கிற என் வீட்டு பிளக்கில் மாட்டியதும் அமைதி.

அடுத்து கரகரப்பு. ஒரு பென்சிலின் மரப்பக்கத்தால் சின்ன வால்வை மெதுவாகத் தட்டச் சொன்னேன். தட்டினால் 'கரக்' என்றது. வால்வில் கோளாறா, அது உட்கார்ந்திருக்கும் சாக்கெட்டில் அழுக்கா? ஸ்விட்சை அணைத்து, ஆறவிட்டு, வால்வைக் கழற்றி, பின்களைச் சுத்தம் செய்து, நாலைந்து முறை செருகி எடுத்தான். கரகரப்பு போயே போயிற்று. செலவு ஒரு பைசா இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். விளக்கை அணைத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். பதினைந்து நிமிஷம் கழித்து, பவர் வால்வின் உள்ளே இருக்கிற தகடு அடுப்புக் கரி மாதிரி சிவக்கத் தொடங்கியது. சத்தம் அமுங்கியது. "அணை, அணை!" என்று கத்திவிட்டேன். என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

விஷயம் இதுதான். குமாஸ்தா மேஜையில் நூறு வோல்ட்டுக்கு மேல் நேர் மின்சாரம் எப்போதும் நிற்கும். அது அந்த மேஜையின் கஜானா. அங்கிருந்து மனுவை மட்டும் ஆபீசர் மேஜைக்குக் கொண்டுபோகும் பியூன்தான் கப்ளிங் கண்டென்சர். மனுவைக் கொண்டுபோகலாம், கஜானாப் பணத்தைத் தொடக்கூடாது. வயதான கண்டென்சர் கசியும். மனுவோடு கொஞ்சம் பணமும் ஆபீசர் மேஜைக்குப் போகும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். மேஜைக்கு அடியில் பணம் வந்தால் ஆபீசர் கெட்டுப்போகாமல் என்ன செய்வார்? அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்துச் சிவந்து எரிந்துபோவார். நாம் ஆபீசரை டிரான்ஸ்ஃபர் செய்து புது ஆபீசரைப் போடுவோம். பியூன் அதே பியூன். புது ஆபீசரும் எரிவார்.

சந்தேகம் போதாது, சாட்சி வேண்டும். வால்வு ஆம்ப்ளியில் முந்நூறு வோல்ட் நிற்கும். ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே கை வைக்கலாம். பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். இறக்கிவிட்டு, மல்டிமீட்டர் கிளிப்பைப் பவர் வால்வின் இரண்டாம் பின்னில் மாட்டினோம். கையை எடுத்துக்கொண்டு பிறகுதான் ஸ்விட்சைப் போட்டோம். இந்த ஆம்ப்ளியில் அந்தப் பின்னில் பூஜ்யம் இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, நாலு என்று ஏறிக்கொண்டே போயிற்று. பையன் என்னைப் பார்த்தான். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் போய், ரயில் பிடித்து, ரிச்சி தெருவில் 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் கண்டென்சர் வாங்கி வந்தான். இரண்டு டீ குடிக்கிற காசு. அவன் கம்பெனியில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு கடுகளவு சாமான்களைப் பார்த்துப் பழகியவன். "தாத்தா, இதுல எல்லாம் கண்ணுக்குத் தெரியுதே!" என்று சிரித்துக்கொண்டே சால்டர் வைத்தான். மீட்டர் பூஜ்யத்தில் நின்றது. ஒரு மணி நேரம் வாசித்தான். தகடு சிவக்கவில்லை. பழைய வால்வே போதும் என்று ஆயிற்று.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நண்பனின் மகள் மூலமாக அவன் வாட்ஸ்அப் நம்பர் கிடைத்து இரண்டு வருஷம் ஆகிறது. கூப்பிட்டதில்லை. மறுநாள் பிற்பகல், அங்கே காலை நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். குரல் கிழமாகிவிட்டிருந்தது. என் குரலும் அவனுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

"டேய், அது வால்வு இல்லடா. கப்ளிங் கண்டென்சர். உன் வால்வு மேலயும் குத்தம் இல்ல, என் வால்வு மேலயும் குத்தம் இல்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எந்த வால்வுடா?" என்றான்.

அவனுக்கு ஆம்ப்ளி ஞாபகம் இருந்தது, சண்டை இல்லை. உங்க இந்தியா வால்வு என்று சொன்னதும் ஞாபகம் இல்லை, நான் பதிலுக்குச் சொன்னதும் ஞாபகம் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் நான் ஒருத்தன்தான் அதைச் சுமந்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு அவனாகவே சொன்னான்:

"ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்குடா. நாங்க கிளம்பின அன்னிக்கு நீ பஸ் ஸ்டாண்டுக்கு வரல. கடைசி நிமிஷம் வரைக்கும் பார்த்தேன்."

அதற்கு எந்தக் கண்டென்சர் மேலும் பழி போட முடியாது. "தப்புதான்டா" என்றேன். "போவுது விடு. அந்தப் பையன் நல்லா வாசிக்கிறானா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். இப்போது வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறோம்.

பையன் கிறிஸ்துமஸுக்கு ஊரில் வாசித்துவிட்டு, ஒரு கிலோ கருவாடு கொண்டுவந்து கொடுத்தான். மாசியில் காண்ட்ராக்ட் முடிந்து ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். போகும்போது நான் கீழே இறங்கி, ஆட்டோ வரை போய் வழியனுப்பினேன். முழங்கால் வலிதான். பரவாயில்லை.

ஆம்ப்ளிக்குள் அந்தப் பிரெஞ்சுக் காகிதம் அப்படியே இருக்கிறது. அதன் கீழே தமிழில் ஒரு வரி எழுதி ஒட்டிக் கொடுத்தேன்: 'லாம்ப் மேல் குற்றமில்லை. கண்டென்சர் மாற்றியாயிற்று.'